‘அர்ஜென்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன்

அந்த யோசனை என் தலையில் விழுந்தபோது நான் கரக் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

வளைகுடாவில், முவைலா என்ற பகுதியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே வண்டிகள் நிற்கும் இடம். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் காகிதக் கோப்பையைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையில் வியர்த்தது. உயரக் கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கப் போகும் ஆட்கள் வெள்ளைப் பேருந்துக்குள் ஏறிவிட்டார்கள். அவர்களுடைய ஃபோர்மேன் செல்வராசு மட்டும் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றியபடி, கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“கிழக்கு முகம் யல்லா. ஒம்பதுக்கு மாஃபி. ஒம்பதுல இருந்து மேற்கு யல்லா. பன்னெண்டுக்கு மேற்கு மாஃபி. காத்து அடிச்சா எல்லாம் மாஃபி, எறங்கிரு. கலாஸ்.”

அவ்வளவுதான். பேருந்துக்குள் ராமநாதபுரத்துக்காரர்கள் நான்கு பேர், நேபாளிகள் மூன்று பேர், ஒரு வங்காளி. எட்டுப் பேருக்கும் புரிந்தது. யல்லா என்றால் தொடங்கு. மாஃபி என்றால் கிடையாது. கலாஸ் என்றால் முடிந்தது. மூன்றும் அரபிச் சொற்கள். அந்தப் பேருந்தில் அரபி தாய்மொழியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

டீ நாக்கைச் சுட்டது. அடப்பாவி, இந்த மனிதர் பேசுவது புரோகிராம் அல்லவா!

நிபந்தனை இருக்கிறது, நேரம் இருக்கிறது, செயல் இருக்கிறது, முடிவு இருக்கிறது. ஒரு சொல்கூட வீண் இல்லை. நான் மாடிக்கு ஓடினேன். அன்று அப்படி ஓடிய பெண்ணைப் பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இப்போது கை துடிக்கிறது. அது என்ன கேள்வி என்பதற்கு வருகிறேன்.

ஒன்று, பூஜ்யம், ஒன்று

‘உன் எழுத்தில் கோபம் தூக்கலாக இருக்கிறதே’ என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐயா, இந்த வாரம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி மொழி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறாரே, அதுவும் ஒரு மொழிதான். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. அந்த மொழியில் காதல் கடிதம் எழுத முடியாது. மாத்திரையைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். ஆனால் அதைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாராலும் பேச முடியாது.

ஒரே ஒரு துறைக்காக, அந்தத் துறையில் இருப்பவர்களே எழுதும்படி செய்யப்படும் கணினி மொழிகள் உண்டு. அவற்றைச் செய்வதுதான் என் பைத்தியம். சோறு போடும் வேலை வேறு: கண்ணாடி துடைக்கும் இந்த நிறுவனத்தில் வேலை அட்டவணை தயாரிக்கும் மென்பொருளைப் பராமரிப்பது.

அந்த மென்பொருளை எழுதியவர் எவரோ, கட்டடத்தின் பக்கத்தில்கூட நின்றதில்லை. கிழக்கு முகத்தைக் காலை பத்து மணிக்குத் துடைக்கச் சொல்லும். ஜூலை மாதத்தில்! கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் அறையும் நேரம் அது. செல்வராசு அந்த அட்டவணையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குரல் செய்தியில் தன்னுடைய அட்டவணையைச் சொல்வார். அட்டவணையை மீறியதற்காக வாரம் ஒருமுறை திட்டு வாங்குவார். ஒரு நேரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் விண்ணப்பம், ஒப்புதல், என் மேசை, சோதனை என்று இரண்டு வாரம் ஓடிவிடும்.

விதியை அவரே எழுதினால் என்ன? அதுதான் யோசனை.

விடுதியில் நடந்த ஒரு முன்கதை

திருச்சியில் படித்தபோது எங்கள் விடுதித் தளத்தில் இரண்டு துணி துவைக்கும் இயந்திரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். தினமும் சண்டை. இரண்டாம் ஆண்டில் நான் ஒரு குட்டி மொழி செய்தேன். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மூன்று சொல்லில் எழுதிப் போட்டால் வரிசையைப் பிரித்துக் கொடுக்கும்.

ஒரு வாரம் அமைதி. பிறகு இறுதியாண்டு அக்கா ஒருத்தி வந்தாள். “ஏய் சுகன்யா, எங்களுக்கு பிளேஸ்மெண்ட் இண்டர்வியூ இருக்குடி. சீனியர்னு ஒரு வார்த்தை வை. அது போட்டா முன்னாடி வரணும்.”

வைத்தேன். அடுத்த வாரமே இறுதியாண்டு மொத்தமும் சீனியர். அதற்கடுத்த வாரம் மூன்றாம் ஆண்டும் சீனியர். மாதம் முடிவதற்குள் வரிசையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சீனியர் என்று இருந்தது. நாங்கள் பழையபடி வாளியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றோம்.

சிரித்துக்கொண்டே அதை மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது.

எழுதியவர்: செல்வராசு

மூன்று வாரத்தில் மொழி தயாரானது. வரியை வாங்கி, சொல்லாக உடைத்து, எந்தச் சொல் எதனோடு சேரும் என்று கிளை கிளையாக அடுக்கி, அதிலிருந்து அட்டவணையை உண்டாக்கும் நிரல். சோற்றை மறந்து செய்தேன். “கட்டிக்கப்போறவனாவது உன்னைச் சாப்பிட வைப்பானா பார்ப்போம்” என்று, நான் தங்கியிருக்கும் அண்ணன் வீட்டில், அண்ணி தட்டைக் கணினிக்கு மேலேயே வைத்துவிட்டுப் போவார்.

முதலில் வந்த வம்பு பிழைச் செய்தியில். செல்வராசு கைப்பேசியில் தட்டினார். ‘எதிர்பாராத சொல், வரி மூன்று’ என்று வந்தது.

“யாரு எதிர்பாக்கல?” என்றார்.

“மெஷின்தான் அண்ணே.”

“நான் எதிர்பாத்துத்தான எழுதுனேன்? அதுக்கு வெளங்கலைன்னா வெளங்கலைன்னு சொல்லச் சொல்லுங்க. என்னமோ நான் தப்புப் பண்ணுன மாதிரி பேசுது.”

மாற்றினேன். ‘மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை. எந்த முகம் என்று சொல்லுங்கள்.’ அவர் படித்துவிட்டு, “ம்ம்… இப்ப மனுசன் மாதிரி இருக்கு” என்றார்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கோப்பு. கோப்பின் தலையில் ‘எழுதியவர்’ என்று ஒரு வரி வைத்தேன். மரியாதைக்காகத்தான். மென்பொருள் எழுதினால் எங்கள் பெயரை மேலே போட்டுக்கொள்கிறோம் இல்லையா? விதி அவருடையது, பெயரும் அவருடையதாக இருக்கட்டும்.

செல்வராசு அந்தத் திரையைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். “பதினாறு வருசத்துல ஐடி கார்டத் தவிர இந்தக் கம்பெனில வேற எதுலயும் என் பேரு வந்ததில்ல சுகன்யாம்மா” என்றார்.

“இனிமே கம்ப்யூட்டர் என்ஜினியர்னு சொல்லிக்குவாரு, பாருங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் குழுவின் பாண்டி. கமுதிக்காரர், முப்பது வயசு இருக்கும், வாய் மூடாது. “அண்ணே, நாளைக்கு எங்களுக்கு டூட்டி போடாம லீவு போடுற மாதிரி ரெண்டு வரி எழுதுங்கண்ணே!”

“ஒனக்கு மட்டும் தனி வரி எழுதுறேன். பாண்டி மாஃபி, சோறு மாஃபி.”

மூன்று மாதம் அந்த மொழி ஓடியது. ஆட்களின் கைப்பேசிக்கு நேராகவே உத்தரவு போகும். ஆனாலும் செல்வராசு காலையில் பேருந்துப் படியில் நின்று அன்றைய விதிகளைக் குரலில் சொல்வதை விடவில்லை. “அதான் ஃபோன்லயே வருதே அண்ணே, எதுக்கு ரெண்டு வேலை?” என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். “எழுத்து பாதிப் பேருக்குத்தான். குரல் எல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

இருபது நிமிட வேலை

எங்கள் பிரிவின் தலைவர் விவேக். சென்னைக்காரர், சிரித்த முகம், மேசையில் எப்போதும் பேரீச்சம்பழ டப்பா. ஒருநாள் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“சுகன்யா, சூப்பரா பண்ணியிருக்க. ஒரு சின்ன விஷயம். சில நேரம் கிளையண்ட் அவசரமா கேப்பாங்க, பெரிய ஆளுங்க யாராவது வருவாங்க. அப்ப இந்த மாஃபி எல்லாம் குறுக்க நிக்குது. ‘அர்ஜென்ட்’னு ஒண்ணு வச்சிடு. அது போட்டா மத்த ரூல் எதுவும் பேசக் கூடாது.”

“காத்து ரூல்கூடவா?”

“சேச்சே, காத்த விட்டுடு. நான் என்ன கொலைகாரனா?”

நான் பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டே எழுதினேன். இருபது நிமிடம். இலக்கணத்தில் ஒரு புதிய சொல்லை இவ்வளவு சுலபமாகச் சேர்க்க முடிகிறதே என்று எனக்கு என் மேலேயே அவ்வளவு பெருமை. அவ்வளவு நேர்த்தியாக வடிவமைத்திருக்கிறேனாம்!

நான் முதலில் சொன்ன கேள்வி இதுதான்: அந்தச் சொல்லை எழுதப்போவது யார் என்று கேட்டாயாடி நீ? கேட்கவில்லை. எழுத முடியுமா என்று மட்டும்தான் பார்த்தேன்.

வெயிலுக்குத் தேதி தெரியாது

இங்கே கோடையில் வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு மதிய ஓய்வு கட்டாயம். அரசின் உத்தரவு. செப்டம்பர் பாதியில் அது முடியும். முடிந்ததும் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு சுறுசுறுப்பு வரும், ஏதோ வெயிலும் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டதுபோல.

செல்வராசுவின் கோப்பில் மட்டும் ‘மேற்கு, பன்னிரண்டுக்கு மாஃபி’ என்ற வரி அப்படியே இருந்தது. அக்டோபர் பாதிவரை அதை எடுக்க மாட்டார். மேற்குக் கண்ணாடியோடு பதினாறு வருடம் பழகியவர்.

ஓய்வுக் காலம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஒரு கட்டடத்துக்கு மறுநாள் யாரோ பார்வையிட வருகிறார்களாம். காலை பதினொன்றரை மணிக்கு, அலுவலகத்தில் உட்கார்ந்தபடி, செல்வராசுவின் கோப்பைத் திறந்து விவேக் ஒரு வரி சேர்த்தார்: ‘மேற்கு முகம் அர்ஜென்ட்.’

செல்வராசு அந்த நேரம் இன்னொரு சைட்டில் புதுக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஆட்களின் கைப்பேசியில் மாஃபிக்குப் பதிலாக ‘மேற்கு யல்லா’ என்று வந்தது. மேலே அவருடைய பெயர். அண்ணன் மாற்றிச் சொன்னால் காரணம் இருக்கும் என்று மீண்டும் ஏறினார்கள்.

இரண்டு மணிக்குப் பதினோராவது மாடி உயரத்தில், கிரேடிலில் பாண்டி மயங்கி விழுந்தார். கிரேடில் என்றால் இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளத் தொட்டில். இடுப்பு வார் கட்டியிருந்ததால் தொட்டிலுக்குள்ளேயே சரிந்தார். கூட இருந்த நேபாளி பகதூர் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பொத்தானை அழுத்தி இறக்கியிருக்கிறார். பதினொரு மாடி. அந்தத் தொட்டில் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று எனக்குத் தெரியும். வேகம் எவ்வளவு என்று என் நிரலில் நானேதான் எழுதினேன்.

மருத்துவமனையில் ஊசி வழியாக உப்பு நீர் ஏறிக்கொண்டிருந்தது. பாண்டியின் முன்னங்கையில் இரும்புக் கம்பி பட்ட இடம் தீய்ந்து கோடாக இருந்தது. கண் திறந்ததும் அவர் கேட்டாராம்: “லீவு குடுத்துட்டாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து சுவரை உதைத்தேன். கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

யாரோட பேரு இருக்கு?

மூன்றாம் நாள் விசாரணை. நிரலை எழுதியவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி அறை, எலும்பைத் துளைக்கும் குளிர். மனிதவளப் பிரிவின் தலைவி மும்பைக்காரம்மா, நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் விவேக். எதிரே செல்வராசு, சலவை செய்த சட்டையில். மேசையில் கோப்பின் அச்சுப்பிரதி.

விவேக் விரலை அதன் தலையில் வைத்தார். “இதுல யாரோட பேரு இருக்கு?”

“என் பேருதான் சார். ஆனா அந்தக் கடைசி வரி நான் போட்டதில்ல.”

“ஃபைல் உங்களோடது. நாங்க பார்த்தா உங்க பேருதான தெரியுது?”

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். “விவேக், அந்த வரியை நீங்க போட்டீங்க. ‘அர்ஜென்ட்’ என்கிட்ட கேட்டு வாங்கினதே நீங்கதான்!”

அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். “வார்த்தையைக் கேட்டேன். வரியை நான் போட்டேன்னு எங்க இருக்கு? காட்டு.”

எங்கேயும் இல்லை. கோப்புக்கு ஒரு பெயர் வைத்த நான், வரிக்கு வரி பெயர் வைக்கவில்லை. யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் சேமிக்கவில்லை. பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும் நிரல் அது. மரியாதைக்கென்று நான் வைத்த பெயர், ஒரு மனிதரைக் கட்டி வைக்கும் கயிறாகி மேசையில் கிடந்தது. முடிச்சுப் போட்டது என் கைதான்.

விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள். செல்வராசுவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ‘கேன்சல்’ என்ற சொல் வளைகுடாவில் எல்லாருக்கும் புரியும்.

அவர் மெதுவாகத் தன் கைப்பேசியை எடுத்தார். “மேடம், ஏக் மினிட். வாய்ஸ் சுனோ” என்றார் இந்தியில். ஒரு நிமிடம், இந்தக் குரலைக் கேளுங்கள்.

அன்று காலை பேருந்துப் படியிலிருந்து அவர் அனுப்பிய குரல் செய்தி. பக்கத்தில் நேரம். பேருந்தின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் அந்த அறையில் கேட்டது:

“கிழக்கு யல்லா, ஒம்பதுக்கு மாஃபி. மேற்கு பன்னெண்டுக்கு மாஃபி. மதிய ஓய்வு முடிஞ்சிருச்சுன்னு ஆபீஸ்ல சொல்லுவான். வெயிலுக்கு எவனும் லெட்டர் போடல. பன்னெண்டுக்கு மேல மேற்குல ஒருத்தன் தொங்கக் கூடாது. கலாஸ்.”

அதை நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். எட்டுப் பேர் கைப்பேசியிலும் அது இருந்தது. பாண்டி மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தன்னுடையதையும் அனுப்பி வைத்தார்.

நான் கிண்டல் செய்த அந்த ‘ரெண்டு வேலை’தான் மனிதரைக் காப்பாற்றியது. என்னுடைய நேர்த்தியான இலக்கணம் அல்ல.

அப்புறம் என்ன ஆச்சு என்றால்

விசா தப்பியது. ஆனால் ‘கோப்பைச் சரிவரக் கண்காணிக்கவில்லை’ என்று செல்வராசுவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். இன்னொன்று வந்தால் கேன்சல்தான். விவேக்குக்கு ஒன்றும் இல்லை. அவர் மறுநாள் பேரீச்சம்பழ டப்பாவை நீட்டி, “பர்சனலா எடுத்துக்காத. ‘அர்ஜென்ட்’ இருக்கட்டும், பிசினஸ்க்கு வேணும்” என்றார். டப்பாவை மூடி அவர் பக்கமே தள்ளினேன்.

கீழே பேருந்தடிக்குப் போனேன். “அண்ணே, உங்க பேரை எல்லாக் கோப்புல இருந்தும் எடுத்துடறேன். இனிமே உங்களை யாரும் மாட்ட முடியாது.”

செல்வராசுவுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

“எதுக்கு எடுக்கணும்? நான் எழுதுனதுக்கு என் பேரு இருக்கணும். தப்பா எழுதுனா என்னைத்தான் கேக்கணும். என் பேருக்குக் கீழ ஒளிஞ்சுக்கிட்டு எழுதுறான் பாருங்க, அவன் பேரையும் போடுங்க. அதச் செய்ய முடியுமா ஒங்க மெஷினால?”

முடியும். இரண்டு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பழைய நிரலில் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவரின் பெயரும் நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அழித்தாலும் அழித்தவர் பெயர் நிற்கும். ஒருவர் போட்ட மாஃபியை இன்னொருவர் தாண்ட வேண்டுமென்றால், மாஃபி போட்டவர் தன் கைப்பேசியில் சரி என்று சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் மாஃபிதான். பகதூர் கேட்டதும் ஒன்று இருக்கிறது: தொட்டிலில் நிற்பவன் எந்த நேரத்திலும் ஒரே சொல்லில் வேலையை நிறுத்த வேண்டும், ஏன் என்று நிரல் அவனைக் கேட்கக் கூடாது. அதற்கு அவரே சொல் கொடுத்தார். ‘பஸ்.’ இந்தியில் போதும் என்று அர்த்தம்.

‘அர்ஜென்ட்’ இருக்கிறது. விவேக் கேட்டபடியே அந்தச் சொல்லை விட்டுவைத்திருக்கிறேன். பிழைச் செய்தியை மட்டும் செல்வராசுவே சொல்லச் சொல்ல எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில் புதிய நிரலை ஏற்றப்போகிறேன். யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. என் விசாவும் இதே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது என்று வீட்டில் என் அண்ணன் இரண்டு முறை நினைவுபடுத்திவிட்டான். மறுநாள் ஒரு கட்டடத்துக்கு மறுபடியும் யாரோ பார்வையிட வருகிறார்களாம். அதனால் திங்கட்கிழமையே பதினொன்றரை மணி வாக்கில் விவேக் கோப்பைத் திறப்பார். மேற்கு முகம் அர்ஜென்ட் என்று தட்டுவார். நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

திரை அவரைக் கேட்கும்:

‘யாரு சொல்றது? பேரப் போடுங்க. ஏறப்போறது யாரு? அவன் பேரையும் போடுங்க.’